எடைக்குப் போடும் முன்: மருத்துவ, பல் மருத்துவ நூலகங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நூலகர்களுக்கும், நூலகக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பல் மருத்துவன். 30 ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி நூலகத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது, சுவரோரம் கயிறு போட்டுக் கட்டிய புத்தகக் கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. துணி அட்டை போட்டு பைண்டிங் செய்த பழைய ஆய்விதழ்த் தொகுதிகள். முதுகில் பெயர் மங்கிவிட்டது, ஆண்டு மட்டும் தெரிந்தது: 1916, 1924, 1931, 1955. பக்கத்தில், காலால் மிதித்து ஓட்டும் பல் துளைக்கும் எந்திரம் ஒன்று சக்கரம் கழன்று சாய்ந்து கிடந்தது. என்ன இதெல்லாம் என்று கேட்டேன். "15 வருஷமாக யாரும் எடுத்துப் படிக்கவில்லை சார். இடம் வேண்டுமாம், எடைக்குப் போகிறது" என்றார் ஊழியர். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. பட்டியலில் இருந்ததை இறக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பட்டியலைத் தயாரிப்பவர்கள் நீங்கள். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. அலமாரி நீளாது, புத்தகம் மட்டும் கூடிக்கொண்டே போகும். பழைய பதிப்புப் பாடநூல்கள் ஐந்தாறு பிரதிகள் தூசி படிந்து நிற்பதில் யாருக்கும் பயனில்லை. மருந்தளவு மாறிவிட்ட பழைய கையேடு ஒரு மாணவன் கையில் கிடைத்தால் ஆபத்தும் கூட. அவற்றைக் கழியுங்கள், நானே வந்து கட்டித் தருகிறேன். என் மனக்குறை வேறு. ஆய்வு முதன்முதலாக அச்சான இதழ்களுக்கும் அதே விதியைப் போடுகிறீர்கள். இத்தனை ஆண்டுகளாக யாரும் எடுக்கவில்லை, ஆகவே இது யாருக்கும் வேண்டாம் என்பது அந்த விதி. மருத்துவத்தின் வரலாற்றில் இந்த 'ஆகவே' பலமுறை பொய்த்திருக்கிறது. அதனால் மனிதர்கள் வலியும் பட்டிருக்கிறார்கள், உயிரும் விட்டிருக்கிறார்கள்.

ஹம்ப்ரி டேவியிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், வாயுக்களை முகரவைத்து நோய் தீர்க்க முடியுமா என்று பார்த்த ஒரு நிலையத்தில் வேலை செய்த இளைஞர் அவர். சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடைத் தானே மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். ஞானப்பல் முளைத்து ஈறு வீங்கியிருந்த நாளில் அந்த வாயுவை இழுத்ததும் வலி குறைந்ததைப் பதிவு செய்தார். 1800இல் வெளியான தன் ஆய்வு நூலின் கடைசிப் பகுதியில், உடல்வலியை இந்த வாயு போக்குவதாகத் தெரிவதால், அதிக ரத்தம் போகாத அறுவை சிகிச்சைகளில் இதைப் பயன்படுத்தலாம் என்றே எழுதிவைத்தார். ஒரே ஒரு வாக்கியம். அச்சில் இருந்தது, நூலகங்களில் இருந்தது. யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

அதன்பின் 44 ஆண்டுகள் போயின. அந்த 44 ஆண்டுகளிலும் கையை வெட்டினார்கள், காலை வெட்டினார்கள், கட்டியை அறுத்தார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, நோயாளி கதறக் கதறத்தான் எல்லாம் நடந்தது. அதே வாயு மேடை நிகழ்ச்சிகளில் ஆட்களைச் சிரிக்கவைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கார்ட்னர் கோல்டன் நடத்திய அப்படியொரு நிகழ்ச்சிக்கு ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் போயிருந்தார். வாயுவை இழுத்த ஒருவர் தடுமாறி ஓடி, காலில் அடிபட்டு, ரத்தம் வழிய வந்து உட்கார்ந்தார். வலித்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. வெல்ஸ் கண்ணில் அது பட்டது. மறுநாளே கோல்டனை வரவழைத்து வாயுவைத் தான் இழுத்துக்கொண்டு, சக மருத்துவர் ஜான் ரிக்ஸைத் தன் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கச் சொன்னார். ஊசி குத்தியது போலக்கூட இல்லை என்றார்.

1845 ஜனவரியில் பாஸ்டன் நகரில் மருத்துவர்கள், மாணவர்கள் முன்னால் செய்துகாட்டப் போனார். வாயுப் பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். பல் எடுக்கும்போது நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று கூச்சலிட்டார்கள். பெரிதாக வலிக்கவில்லை என்று அந்த நோயாளி பிறகு சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 16 அன்று, வெல்ஸிடம் தொழில் கற்று அவரோடு கூட்டாக வேலையும் செய்த வில்லியம் மார்ட்டன் அதே பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொண்டு வெற்றி பெற்றார். தன் மருந்து ஈதர்தான் என்று வெளியே தெரியாமலிருக்க அதில் நிறமும் மணமும் கலந்து, வேறு பெயர் வைத்து, காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். வெல்ஸ் குளோரோஃபார்மைத் தன்மேலேயே சோதித்துச் சோதித்து மனம் நிலைகுலைந்து, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறை ஒன்றில் உயிரை விட்டார். 33 வயதுதான். அவர் கையாண்ட வாயு பல் மருத்துவத்துக்குத் திரும்பி வர 1863 வரை ஆயிற்று. திரும்பக் கொண்டுவந்தவர் அதே கோல்டன்.

வகுப்பில் இதை எப்படிச் சொல்லித் தருகிறோம்? வெல்ஸ், 1844, நைட்ரஸ் ஆக்சைடு. மார்ட்டன், 1846, ஈதர். ஒரு மதிப்பெண் கேள்வி, முடிந்தது. டேவியின் அந்த வாக்கியம் 44 ஆண்டு சும்மா கிடந்தது என்பது எந்தக் கேள்வித்தாளிலும் வராது. ஒரே ஒரு செய்துகாட்டல் சறுக்கியதால் சரியான ஒரு கண்டுபிடிப்பு 18 ஆண்டு ஒதுங்கிக் கிடந்தது என்பதும் வராது. அது தெரியவேண்டுமென்றால் அந்தக் காலத்தில் அச்சானதைத்தான் எடுத்துப் பார்க்கவேண்டும்.

பழைய கதை, இப்போதெல்லாம் அப்படி நடக்காது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சரி, இன்னும் கிட்டத்தில் வருவோம்.

பல் சொத்தையைப் பற்றிப் படிக்கும் எந்த மாணவருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமியைத் தெரியும். அதை முதலில் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் லண்டனில் இருந்த கிளார்க். ஆண்டு 1924. சொத்தைப் பற்களிலிருந்து எடுத்து வளர்த்து, படம் போட்டு, தெளிவாக எழுதியிருந்தார். பிறகு ஏறக்குறைய 40 ஆண்டுகள் அந்தக் கிருமியை உலகம் மறந்தேபோனது. 1960 வாக்கில் அமெரிக்காவில் ஹாம்ஸ்டர் எலிகளை வைத்து, சொத்தை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று கீஸ் என்பவர் காட்டினார். அதற்குக் காரணமான கிருமிகளைத் தேடிப்போன பிறகுதான் கிளார்க்கின் கிருமி மறுபடி பேச்சுக்கு வந்தது. நடுவில் அந்தத் தொகுதியை ஒவ்வொரு நூலகமும் 15 ஆண்டு விதிப்படி கழித்திருந்தால்? நான் பார்த்த புத்தகக் கட்டில் 1924 என்று இருந்ததைக் கண்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

இன்னும் பின்னால் போனால் லேவன்ஹூக். தன் பற்களின் இடுக்கில் இருந்த வெண்ணிறப் படிவைச் சுரண்டி, தானே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, குட்டி உயிரினங்கள் துள்ளித் திரிவதை 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர். இந்த அளவுக்கு எல்லாப் பாடநூலிலும் இருக்கும். அதே கடிதத்தில் அவர் மேலும் எழுதியது பலருக்குத் தெரியாது. வினிகரால் வாயைக் கழுவினால் படிவின் மேற்பரப்பில் இருந்தவை மட்டும் சாகின்றன, உள்ளே இருப்பவற்றை வினிகர் தொடவில்லை என்று கவனித்திருக்கிறார். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக வாழும்போது மருந்து உள்ளே இறங்காது என்பதை நாம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒரு தனித் துறையாகப் படிக்க ஆரம்பித்தோம். துணிக்கடை வைத்திருந்த மனிதர் ஒருவரின் கடிதத்தில் அது ஏறக்குறைய 300 ஆண்டுகள் காத்திருந்தது.

இப்போது நான் அதிகம் நேசிக்கும் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1901இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்யப் போனார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் சாக்லேட் நிறத்தில் கறை. தேய்த்தாலும் போகாது. உள்ளூர் மருத்துவர்களுக்கு அது பழகிவிட்டது. மெக்கேவுக்குப் பழகவில்லை. புத்தகங்களில் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. அதே 1901இல்தான், இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியிலிருந்து வந்த மக்களின் கறைபட்ட பற்களைப் பற்றி ஈகர் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் அரசு சுகாதார வெளியீட்டில் எழுதியிருந்தார். தேடியவர் ஒரு பக்கம், தேடிய பொருள் வேறொரு பக்கம். அது மெக்கேயின் கண்ணில் படப் பல ஆண்டுகள் ஆயின.

அமெரிக்கப் பல் மருத்துவத்தின் பெரியவரான ஜி.வி. பிளாக் 1909இல் அந்த ஊருக்கு வந்தார். வரும்வரை அவருக்கு நம்பிக்கை இல்லை. இப்படியொரு பரவலான கறை எங்கும் பதிவாகாமல் இருக்குமா என்று சந்தேகப்பட்டார். தெருவில் விளையாடும் குழந்தைகளின் பற்களைப் பார்த்ததும் நம்பினார். அங்கேயே பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்குக் கறை. பிளாக் 1915இல் இறக்கும்வரை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் நுண்படங்களோடு அவர்களுடைய கட்டுரைகள் 1916இல் அச்சாயின. கறை, எனாமல் உருவாகும் வயதிலேயே ஏற்படும் குறை என்று கண்டார்கள். பெரியவர்கள் வந்து குடியேறினால் அவர்களுக்கு வராது. கூடவே ஒரு விநோதம்: பார்க்க அசிங்கமாக இருந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் எழுதிவைத்தார்கள். நல்ல ஆய்வாளனுக்கு அடையாளம் அது என்று என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து பெற்றோர் மெக்கேயை அழைத்தார்கள். வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்ததாகச் சொன்னார்கள். மெக்கே தண்ணீரைப் பரிசோதித்தார், எதுவும் பிடிபடவில்லை. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கச் சொன்னார். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்கு முளைத்த நிரந்தரப் பற்கள் வெள்ளையாக இருந்தன.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆர்கன்சா மாநிலத்தில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டின் பெயரையே கொண்ட, அலுமினிய நிறுவனத்துக்குச் சொந்தமான ஊரிலும் இதே கறை. அலுமினியப் பாத்திரம் நஞ்சு என்று அப்போதே ஒரு பேச்சு பரவியிருந்ததால், நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் சர்ச்சிலுக்குக் கவலை. ஊர்த் தண்ணீரை, அதுவரை யாரும் தேடாத அரிய தனிமங்கள் உட்பட, நிறமாலை முறையில் முழுமையாகச் சோதிக்கச் சொன்னார். 1931இல் வந்த விடை ஃபுளோரைடு. குடிதண்ணீரில் ஃபுளோரைடா என்று அவர் முதலில் நம்பவில்லை, மாதிரி கெட்டிருக்கும் என்று இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். மறுபடியும் அதுவே. மெக்கேவுக்கு எழுதி மற்ற ஊர்களின் தண்ணீரையும் வரவழைத்தார். அங்கெல்லாமும் அதுவே. மெக்கே முதல் கறையைப் பார்த்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன்பின் அமெரிக்க அரசு சுகாதாரத் துறையின் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் ஊர் ஊராகப் போய், எந்த அளவு ஃபுளோரைடுக்கு எவ்வளவு கறை, எவ்வளவு சொத்தை என்று அட்டவணை போட்டார். 10 லட்சத்தில் 1 பங்கு என்ற அளவுவரை பெரும்பாலோருக்குக் கறை வருவதில்லை, சொத்தையோ குறைகிறது என்று 21 நகரங்களின் கணக்கு காட்டியது. 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்த நகரம் ஆனது. அதன்பின் அங்கே பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கலாமா, எவ்வளவு சேர்க்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் கடைசியில் போய் நிற்கவேண்டிய இடம் டீனின் அந்த அட்டவணைகள். எந்த ஊரில், எத்தனை குழந்தைகள், எப்படிப் பார்த்தார், எதை விட்டுவிட்டார் என்பதெல்லாம் மூலக் கட்டுரையில் இருக்கிறது. சுருக்கங்களின் சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது இல்லையா?

எக்ஸ்ரே விஷயத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க என்னால் முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ரான்ட்கன் தன் கண்டுபிடிப்பை 1895 டிசம்பர் கடைசியில் வெளியிட்டார். சில வாரங்களுக்குள், ஜெர்மனியில் ஓட்டோ வால்க்கோஃப் என்ற பல் மருத்துவர் 25 நிமிடம் அசையாமல் இருந்து தன் பற்களையே எக்ஸ்ரே எடுத்தார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் 1896இலேயே இதைத் தொழிலில் கொண்டுவந்தார். குழாயைச் சரிப்படுத்த ஒவ்வொரு முறையும் தன் கையையே அதன்முன் பிடித்துப் பார்ப்பார். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அதே காலத்தில் பாஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். 1898இல் தன் கை கதிரில் வெந்துபோனதும் அவருக்குச் சந்தேகம் வந்தது. காயங்கள் மின்சாரத்தால் வருகின்றன, கதிரால் அல்ல என்று பலர் வாதிட்ட நேரம் அது. மின்சாரம் தொடாதபடி காப்பிட்ட பெட்டிக்குள் கினியா பன்றிகளை வைத்து எக்ஸ்ரே பாய்ச்சினார். தோல் வேகாமலே அவை செத்தன. 1901இல் அதை மருத்துவ இதழில் எழுதினார். குழாயை ஈயப் பெட்டிக்குள் வையுங்கள், மருத்துவர் ஈயக் கண்ணாடி அணியட்டும், நோயாளியின் உடலில் படம் எடுக்கும் இடத்தைத் தவிர மற்றதையெல்லாம் மூடுங்கள் என்றார். பின்னாளில் நாம் சட்டமாகப் பின்பற்றியது ஏறக்குறைய அதையேதான். 1904இல் தன் குறிப்புகளையெல்லாம் திரட்டித் தன் செலவிலேயே புத்தகமாகப் போட்டார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

கெல்ஸின் கையில் புற்று வந்தது. விரல்களை எடுத்தார்கள், பிறகு கையை, பிறகு புஜத்தை. அறுவை மேல் அறுவையாகப் பட்ட மனிதர் 1928இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு ஸ்டாக்ஹோமில் அமைந்ததும் அதே 1928இல்தான். ரோலின்ஸின் கட்டுரை அச்சாகி 27 ஆண்டுகள் கழித்து. படிக்காத கட்டுரை பயனற்ற கட்டுரை என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், கெல்ஸின் கையைத்தான் பதிலாகச் சொல்வேன்.

வெற்றிகளை மட்டும் வைத்துக்கொண்டு தோல்விகளைக் கழித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை உங்கள் குழுக்களில் எழக்கூடும். தயவுசெய்து வேண்டாம். 1910இல் மான்ட்ரியலில் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆற்றிய உரைக்குப் பிறகு, உடம்பில் வரும் பல நோய்களுக்கு வாயில் ஒளிந்திருக்கும் சீழே காரணம் என்ற கொள்கை பெருந்தீயாகப் பரவியது. மூட்டுவலி என்று போனால் பல்லைப் பிடுங்கினார்கள். சோர்வு என்று போனாலும் பல்லைப் பிடுங்கினார்கள். மனநோய்க்குக்கூடப் பிடுங்கினார்கள். நல்ல பற்கள் எத்தனை போயின என்பதற்குக் கணக்கே இல்லை. 1938இல் முடக்குவாதம் கொண்ட 200 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று, பல்லையோ டான்சிலையோ எடுத்ததால் பெரும்பாலோருக்குப் பலன் இல்லை என்று காட்டிய பின்னும் அந்தப் பழக்கம் மெல்லத்தான் ஓய்ந்தது. இன்று வாய் நோய்க்கும் இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிறைய ஆய்வு வருகிறது. அதில் உண்மையும் இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவர், முன்பு ஒருமுறை நாம் எங்கே வழி தவறினோம் என்பதையும் அதே அலமாரியில் படிக்க முடியவேண்டும்.

ஸ்வீடனின் வைப்பெஹோல்ம் ஆய்வும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு இடையே ஒட்டும் இனிப்பை அடிக்கடி தின்றால்தான் சொத்தை மிகுதி, மொத்தம் எவ்வளவு சர்க்கரை என்பது அந்த அளவுக்கு முக்கியமில்லை என்ற பாடத்தை நாம் தினமும் நோயாளிகளுக்குச் சொல்கிறோம். 1954இல் வெளியான அந்த ஆய்வில் டாஃபி கொடுத்துப் பல்லைச் சொத்தையாக விட்டது யாருக்கு? லுண்ட் நகரில், மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதியில் இருந்தவர்களுக்கு. அவர்களால் சம்மதம் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நாளுக்கு 24 டாஃபி வரை கொடுத்தார்கள். பாடநூலில் முடிவு மட்டும் நிற்கிறது. அந்த மனிதர்கள் எந்தக் குழுவில் எத்தனை பேர், என்ன தின்னக் கொடுக்கப்பட்டார்கள் என்பது மூலப் பக்கங்களில்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களும் போய்விட்டால் அவர்கள் பட்டதற்குச் சாட்சியே இல்லாமல் போகும்.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். நிறையக் கிடைக்கிறது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பழைய இதழ்களை ஸ்கேன் செய்தபோது பல இடங்களில் விளம்பரப் பக்கங்களை விட்டுவிட்டார்கள். எந்தக் கருவி எப்போது விற்பனைக்கு வந்தது, என்ன சொல்லி விற்றார்கள் என்பது அந்த விளம்பரங்களில்தான் தெரியும். நுண்படங்கள் ஸ்கேனில் கருந்திட்டாகிவிடுகின்றன. எனாமல் கம்பிகளைக் காட்டும் படத்தில் வெறும் மை மட்டும் தெரிந்தால் என்ன பயன்? பிறகு, சங்கக் கூட்டங்களில் கட்டுரை வாசித்து முடித்ததும் யார் எழுந்து என்ன மறுத்தார்கள் என்ற விவாதக் குறிப்புகள். பழைய தொகுதிகளில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான். ஒரு புது எண்ணத்தை அறிவாளிகள் நிறைந்த ஓர் அறை எப்படியெல்லாம் எதிர்க்கும் என்று அங்கே நேராகப் பார்க்கலாம். கட்டுரையை மட்டும் தனியாக வெட்டிப் போட்ட கோப்பில் அது இருக்காது. சந்தா நின்ற மறுநாள் அந்தக் கோப்பும் இருக்காது.

கருவிகளும் அப்படியே. அந்த மிதி எந்திரத்தைப் போன்றதற்கு ஜேம்ஸ் மாரிசன் 1871இல் காப்புரிமை வாங்கினார். அதுவரை பெரும்பாலும் விரலால் திருகித் திருகித்தான் சொத்தையைச் சுரண்டினார்கள். 1957இல் ஜான் போர்டன் காற்றால் சுழலும் எந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வேகம் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுவரை போனது. ஒரு மாணவனை அந்த மிதியில் ஐந்து நிமிடம் காலை வைக்கச் சொல்லுங்கள். பல் மருத்துவர் என்றாலே மக்கள் ஏன் பயந்தார்கள் என்பதை அவனுக்கு நான் வேறு எப்படியும் புரியவைக்க முடியாது.

1955 என்று எழுதிய தொகுதியையும் அந்தப் புத்தகக் கட்டுகளில் பார்த்தேன் என்றேன் அல்லவா? பல்லோடு ஒட்டும் ஃபில்லிங் இன்று உங்களில் பலர் வாயில் இருக்கும். அதன் தொடக்கம் அந்த ஆண்டில் மைக்கேல் புவனகோர் எழுதிய சில பக்கங்கள். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பல்லில் தடவினால் என்ன என்று கேட்டார். 85 சதவீத அமிலம், 30 விநாடி. எனாமல் சொரசொரப்பாகி பிசின் பிடித்துக்கொண்டது. ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற புதிய பிசின் வந்த பிறகு அது உலகத்தையே மாற்றியது. இதைப் படித்த என் மாணவி ஒருத்தி, "பெயின்ட் கடைக்காரரிடமும் பாடம் இருக்கிறதா சார்?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அந்தக் கேள்வி அவளுக்கு மூலக் கட்டுரையைக் கையில் எடுத்ததால் வந்தது. நான் போட்ட ஸ்லைடில் பெயின்ட் இல்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு தொகுதியை நீக்கப் பட்டியலில் சேர்க்கும் முன், அது வேறு எந்த நூலகத்திலாவது முழுமையாக, படிக்கும் நிலையில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இடமே இல்லையென்றால், பக்கத்துக் கல்லூரிகளோடு பேசி ஆளுக்கு ஒரு இதழ் என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள்; எல்லோரும் எல்லாவற்றையும் வைத்திருக்கத் தேவையில்லை, யாராவது ஒருவர் வைத்திருந்தால் போதும். ஸ்கேன் செய்தால் அட்டையிலிருந்து அட்டைவரை, விளம்பரத்தோடு செய்யுங்கள். பட்டியலை ஒரு மாதம் முன்னதாகத் துறைகளில் ஒட்டுங்கள். பின்வாசலில் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்ளவேண்டுமா? பேராசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: பருவத்துக்கு ஒரு பழைய கட்டுரையையாவது மாணவர்களைப் படிக்கவையுங்கள். பல் சொத்தையை ஆராய்ந்த மில்லர் என்பவரின் 1890 காலத்துச் சோதனையையே எடுங்கள். ரொட்டியும் எச்சிலும் கலந்த குழாயில் பிடுங்கிய பல்லைப் போட்டால் அது கரைகிறது, எச்சிலைக் கொதிக்கவைத்துவிட்டுப் போட்டால் கரைவதில்லை. பெரிய ஆய்வகம் வேண்டாம், அதை மாணவர்களே செய்து பார்க்கலாம். அவர்கள் தேடி வந்தால் உங்கள் 15 ஆண்டுக் கணக்கும் தானே மாறும்.

அன்று அந்த ஊழியரிடமும் நூலகரிடமும் கேட்டு, கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, 11 தொகுதிகளையும் மிதி எந்திரத்தையும் என் அறைக்குக் கொண்டுவந்தேன். மற்ற கட்டுகள் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டன. 1916 தொகுதியில் முதுகு பிரிந்திருக்கிறது, பக்கங்கள் முழுசாக இருக்கின்றன. எந்திரத்தின் சக்கரத்தை மாட்டி எண்ணெய் விட்டேன், சுற்றுகிறது. இவை எனக்குச் சொந்தமில்லை. கதவு பூட்டாத ஓர் அலமாரியும், மாணவர்கள் உட்கார ஒரு மேசையும் தருகிறோம் என்று உங்களில் எந்த நூலகம் சொன்னாலும், மறுநாளே கொண்டுவந்து சேர்க்கிறேன்.

அன்புடன்,
ஒரு பல் மருத்துவ ஆசிரியன்